யாமும் நாமும்: திருப்பாவை இருபத்தெட்டாம் பாசுரத்தின் தன்மைப் பன்மை

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரை விலக்கிப் பேசுவது ஒன்று. கேட்போரையும் உட்படுத்திப் பேசுவது மற்றொன்று. முன்னதற்கு யாம், எம் என்பனவும் பின்னதற்கு நாம், நம் என்பனவும் பழைய வடிவங்கள். யாம் என்பது வழக்கு வீழ்ந்தபின் அதனிடத்தை நாங்கள் என்னும் சொல் பெற்றது. வினைமுற்றுகளிலும் இப்பாகுபாடு உண்டு. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் நன்னூலார் வகுத்தார்.

வடமொழியில் இருமைக்குத் தனிச்சொல் உண்டேயன்றி, 'வயம்' என்பதில் இவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலத்து 'வீ' என்பதும் அத்தகையதே. ஆயினும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே உருவான பாப்புவா நியூகினியின் டோக் பிசின் மொழி, உளப்பாட்டுக்கு 'யூமி' என்றும் விலக்குக்கு 'மிபேலா' என்றும் இரு சொற்களை ஆக்கிக்கொண்டது. இப்பாகுபாட்டின் தேவையை மக்கள் வழக்கு உணர்ந்துள்ளமைக்கு இது சான்று.

தகடூர் என்று பழம்பெயர் பூண்ட தருமபுரி மாவட்டத்தில் இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. அங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அருகருகே வழங்குகின்றன. தெலுங்கு 'மனமு' என உளப்படுத்தியும் 'மேமு' என விலக்கியும் பேசும். இன்றைய கன்னடத்தின் 'நாவு' இரண்டிற்கும் பொது. ஆகவே திருப்பாவைக்குப் பொருளுரைப்பவர் தமிழ்ச் சொல்லைத் தெலுங்கிற்குக் கொண்டுசெல்லும்போது மன, மா என்னும் இரண்டுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். கன்னடத்தில் அந்நெருக்கடி எழாது. ஆனால் வேறுபாடும் புலப்படாது.

இத்தெரிவு மிகவும் கனப்படும் இடம் திருப்பாவையின் இருபத்தெட்டாம் பாசுரம். ஆய்ச்சியர் கண்ணனை நேரே விளித்துப் பேசும் அப்பாசுரத்தில் ஆண்டாள் இரு சொற்களையும் ஆள்கிறாள். கண்ணன் தங்கள் குலத்தில் வந்து பிறக்கப்பெற்ற புண்ணியத்தைச் சொல்லுமிடத்து 'யாம்' என்கிறாள். அவனோடு உள்ள உறவைச் சொல்லுமிடத்து 'நமக்கு' என்கிறாள். புண்ணியம் ஆயர்குலத்தார்க்கே உரியது. பிறந்தவனுக்கு அதில் பங்கில்லை. ஆதலின் விலக்கு வடிவம் பொருந்துகிறது. உறவோ இருதலையும் பற்றி நிற்பது. ஆதலின் கேட்பவனாகிய கண்ணனையும் உளப்படுத்தும் வடிவம் வந்தது எனலாம். 'எமக்கு' என்று வைத்தாலும் சீர் பிறழாது. யாப்பின் நெருக்கத்தால் இச்சொல் வந்தது என்பதற்கு இடமில்லை.

இப்பொருள் வ்யாக்யான மரபோடும் இயைகிறது. இவ்வுறவு ஜீவன் தன்னாலும் விடவொண்ணாது, எம்பெருமான் தன்னாலும் விடவொண்ணாது, இருவரும் கூடினாலும் விடவொண்ணாது என்பது பூர்வாசார்யர்கள் காட்டிய கருத்து. பிறரால் வந்தேறியாக வந்த உறவன்று. ஸ்வரூபத்தோடு கூடிய உறவு. அதனாலன்றோ, கைம்முதல் இல்லாமையையும் அறியாமையால் செய்த பிழையையும் சொல்லிக்கொள்ளும் அப்பாசுரத்தில் இவ்வுறவே பற்றாசாக நிற்கிறது.

இங்கே ஒரு தடை எழும். அடுத்த பாசுரமும் கண்ணனை நோக்கியதே. அங்கு அவனுக்கு ஆட்செய்வதைச் சொல்லுமிடத்தும் 'நாம்' என்றே உள்ளது. ஆட்செய்வோர் ஆய்ச்சியர், ஆட்கொள்பவன் கண்ணன். அவனை உளப்படுத்தினால் பொருள் சிதையும். வினைமுற்றும் 'ஓம்' ஈறு பெற்று விலக்குப் பொருளையே காட்டுகிறது. எனவே 'நாம்' என்று கண்ட இடமெல்லாம் உளப்பாடு என்று இலக்கணத்தை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது என்பர்.

தடை நியாயமானதே. அது தனிச்சொல்லைக் கொண்டு பொருள் முடிப்பதையே விலக்குகிறது. இருபத்தெட்டாம் பாசுரத்திலோ தனிச்சொல் மட்டும் சான்றன்று. யாம், நமக்கு என்னும் இரண்டும் ஒரே பாசுரத்தில் எதிரெதிராக நிற்கின்றன. உறவின் இருதலைத் தன்மையும் பூர்வர்களின் உரையும் அதற்குத் துணையாகின்றன. மூன்றும் கூடுமிடத்தில் உளப்பாட்டுப் பொருள் வலுப்பெறுகிறது. அடுத்த பாசுரத்தில் அத்துணைகள் இல்லை. அங்கு 'நாம்' ஆய்ச்சியர் கோஷ்டியையே குறிக்கும்.

இதில் ஸித்தாந்தத்திற்கு முரண் ஏதுமில்லை. ஸம்பந்தம் சேஷ சேஷிகள் இருவர்க்கும் பொது. கைங்கர்யம் செய்தல் சேஷனுக்கே உரியது. 'நமக்கு' என்று அவனை உட்படுத்தியதால் இருவரும் ஒன்றாகிவிடவில்லை. உறவு என்னும் சொல்லே இருவரை வேண்டி நிற்பது. உட்படுத்திய ஆண்டாளே அடுத்த பாசுரத்தில் ஆட்செய்வோரையும் ஆட்கொள்வானையும் பிரித்து வைக்கிறாள்.

ஆகவே தெலுங்கில் பொருளுரைப்போர் புண்ணியத்திற்கு 'மா' என்றும் உறவிற்கு 'மன' என்றும் சொல்வது தகும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே சொல்லோடு நிறுத்தாமல், 'உனக்கும் எங்களுக்கும்' என்று விரித்துரைக்கவேண்டும். தமிழரோ பேச்சு வழக்கில் 'எங்க வீடு', 'நம்ம வீடு' என்று நாள்தோறும் இவ்வேறுபாட்டை ஆள்கின்றனர். வந்த விருந்தினரிடம் 'நம்ம வீடு' என்பவர், அவரையும் வீட்டாராக்கிப் பேசுகிறார். அவ்வழக்கை அறிந்த செவிக்கு, ஆண்டாள் கண்ணனிடம் 'நமக்கு' என்றதன் உரிமை உரையின்றியே விளங்கும்.