பாடாத கானரி

கொல்கத்தாவின் வடபகுதியில் காலிஃப் தெருவிலே ஞாயிறுதோறும் கூடும் சந்தையை நம்மவர் பலரும் அறிவர். வண்ண மீனும் பூஞ்செடியும் நாய்க்குட்டியும் பறவையும் ஒரே தெருவில் விலைக்கு வரும் இடம் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் அங்கிருந்து மஞ்சள் நிறக் கானரி ஒன்றை வாங்கி வந்து, லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள நம் அடுக்குமாடி வீட்டின் வராந்தாவில் கூண்டோடு தொங்கவிட்டோம். “ஊரிலே காகமும் குருவியும் முற்றத்துக்குத் தாமே வரும், இங்கே பாட்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது” என்று வீட்டுப் பெரியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொண்டவர்களே காலைக் காப்பியை எடுத்துக்கொண்டு கூண்டருகே போய் அமரவும் செய்தார்கள்.

நம் நாட்டுக் கிளியையும் முனியாவையும் பிடித்துக் கூண்டில் அடைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கானரியின் கதை வேறு. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள கானரித் தீவுகளிலிருந்து ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பறவை அது. பல நூறு ஆண்டுகளாகக் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளரும் இனமாகிவிட்டது. தீவுகளுக்கு அப்பெயர் பறவையால் வந்ததன்று. நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து பறவைக்கும் பெயர் வந்தது.

அந்த முதல் பறவையை நாம் அறியாமையாலேயே இழந்தோம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த அது, ஒரு வாரத்தில் குரல் கம்மி, மூச்சுக்கு மூச்சு ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஓசை எழுப்பலாயிற்று. கடிகாரத்தைக் கேட்டுப் புது ஸ்வரம் பழகுகிறது என்று நம் பெண் குழந்தை சொன்னாள், நாமும் சிரித்தோம். அலகைத் திறந்து திறந்து மூடியதையும், குச்சியில் அமர்ந்திருக்கையில் வால் ஏற்றம் இறைப்பதுபோல் மேலும் கீழும் ஆடியதையும் பார்த்தும் பாராதிருந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் அது கூண்டின் அடித்தட்டில் கிடந்தது.

பின்னர் ஒரு பறவை வைத்தியரிடம் இதைச் சொன்னபோது, அவர் மூச்சுக்குழாயில் குடியேறும் நுண்ணிய உண்ணியைப் பற்றி விளக்கினார். கழுத்து இறகை நீரால் நனைத்து விலக்கி, இருட்டறையில் தொண்டைக்குப் பின்னே விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கரும்புள்ளிகளாக அவ்வுண்ணிகள் தென்படுவதுண்டாம். ‘டிக்’ என்னும் அவ்வோசையும், வாலாட்டமும், திறந்த அலகும், குரல் மங்குதலும் சேர்ந்து வந்தால் அது மூச்சுத் திணறலின் அடையாளம்; பாட்டன்று. தோலில் ஒரு சொட்டு விடும் மருந்து உண்டு. ஆனால், கானரியின் உடல் எடை இருபது கிராம் அளவே ஆதலால், அளவு சற்று மிகுந்தாலும் மருந்தே நஞ்சாகும். கடையில் வாங்கி நாமே விடுவது கூடாது.

இரண்டாம் பறவைக்கு ‘மணி’ என்று பெயரிட்டோம். தை, மாசி மாதங்களில் வராந்தா அதிரப் பாடிய மணி, ஆனி மாதம் ஒரு நாள் அடியோடு நிறுத்திவிட்டது. கூண்டுத் தட்டெல்லாம் இறகு. ஒருமுறை சூடு கண்டவர்கள் அன்றோ! அன்று மாலையே வைத்தியரிடம் ஓடினோம். அவர் பறவையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “இது பழைய சட்டையைக் கழற்றுகிறது, அவ்வளவே” என்றார்.

ஆண்டுக்கொரு முறை, கோடையை ஒட்டி, கானரி பழைய இறகை உதிர்த்துப் புதியதை முளைப்பிக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் வரை நீளும் அக்காலத்தில் உடலின் சத்தெல்லாம் இறகுக்கே செலவாகும். ஆண் பறவை பாடாது. வேளாவேளைக்குத் தின்று, சுறுசுறுப்பாக இருந்தால் கவலையில்லை. அவித்த முட்டையும் கீரையும் சிறிது கூடுதலாகக் கொடுத்து, குளிக்கத் தட்டில் நீர் வைத்தால் போதும். ஆனால் பருவம் தவறி இறகு உதிர்ந்துகொண்டே இருந்தால், குற்றம் பெரும்பாலும் வீட்டாருடையது. பகலின் நீளத்தைக் கொண்டே பறவை பருவத்தை அறிகிறது. கூடத்தில் இரவு பதினொரு மணி வரை விளக்கெரிந்து, தொலைக்காட்சியும் ஓடினால், பாவம், அதன் பஞ்சாங்கம் குழம்பிவிடும். மணியின் கூண்டை மறுநாளே கூடத்திலிருந்து எட்டத்தில் வைத்தோம்.

இந்த மௌனத்தைப் பற்றி அறிவியலார் கண்டது வியப்புக்குரியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டபோம் என்பார், 1976-இல் தம் துணையாளரோடு, கானரியின் மூளையில் பாட்டை ஆளும் பகுதிகள் ஆணுக்குப் பெரிதாகவும் பெண்ணுக்குச் சிறிதாகவும் இருப்பதைக் காட்டினார். பின்னர் அப்பகுதிகள் பருவத்துக்குப் பருவம் பெருத்துச் சிறுப்பதையும், வளர்ந்த பறவையின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் பிறப்பதையும் கண்டார். பெட்டை பெரும்பாலும் பாடாது. ‘சிப், சிப்’ என்று அழைப்பதோடு சரி. நிறத்தால் ஆண் பெண் தெரியாது. எனவே, பாடும் என்று நம்பி வாங்கிய பறவை ஓராண்டாகியும் வாய் திறவாவிட்டால், அது நோயாளியாயிருக்க வேண்டியதில்லை, பெட்டையாயிருக்கலாம்.

அப்பெட்டை காகிதத்தைக் கிழித்துத் தானியக் கிண்ணத்தில் அடுக்கினால் அது கிறுக்கன்று, கூடு கட்டும் ஆசை. ஆனால், இறகை உப்பிக்கொண்டு அடித்தட்டில் முக்கியபடி உட்கார்ந்திருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணமாதலால், கணவாய் ஓட்டை (நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்பார்கள்) கூண்டில் எப்போதும் கட்டி வைப்பது நலம்.

இரவில் திடீரென்று படபடவென இறக்கையடித்தால், பல்லியோ எலியோ தெருவில் திரும்பும் வண்டியின் வெளிச்சமோ அதை வெருட்டியிருக்கும். அடிக்கடி அப்படி நேர்ந்தால் இரவில் கூண்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடியுமுன் விளக்கடித்துப் பாருங்கள். துணியில் செம்புள்ளிகள் ஊர்ந்தால், பகலெல்லாம் குச்சியின் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணி அது. பறவைக்கு மருந்து தருவதோடு நில்லாமல், கூண்டைக் கொதிநீரால் கழுவ வேண்டும்.

புகையைப் பற்றி ஒரு சொல். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. காற்றில் கலந்த நஞ்சு அதை வெகு விரைவில் தாக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றை முன்கூட்டி உணர்த்தக் கானரியையே கொண்டுசென்றார்கள். 1986-இல்தான் அதைக் கைவிட முடிவாயிற்று. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஒட்டாத பூச்சுள்ள வாணலியை வெறுமனே காயவிட்டால் எழும் ஆவி, இவையெல்லாம் நமக்குத் தலைவலி தருவதற்கு முன்பே அதன் உயிரை வாங்கும். நம் பூஜையறை கூண்டுக்கு எதிரே இருந்தது. சாம்பிராணியை நிறுத்தப் பெரியவர்கள் இசையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூண்டே அடுத்த அறைக்குப் போகிறது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, தொண்டைக்குள்ளேயே முணுமுணுப்பதுபோல் மணி ஏதோ தொடங்கிற்று. இரண்டு வாரம் அப்படியே தட்டுத்தடுமாறியபின் கார்த்திகை தீபத்தன்று முழுக்குரல் எழுந்தது. பாட்டின் நடுவே சென்ற ஆண்டு இருந்த நீண்ட அதிர்வு ஒன்றைக் காணோம். அதனிடத்தில் புதிதாக ஏதோ இருந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்தவள், ‘டிக், டிக்’ என்பதைப் புது ஸ்வரம் என்று சொன்ன அதே பெண்தான்.