இரை காலி, மீன் மட்டும் மாட்டல! ஜிலேபிக்கும் கெண்டைக்கும் எந்த நம்பர் தூண்டில் முள் சரி?

தக்கை ஆடுது, இழுத்தா ஒன்றும் இல்லை. முள்ளில் இருந்த மண்புழு மட்டும் காணாமல் போயிருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தூண்டில் போட்டுப் பழகும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பெரும்பாலும் குற்றம் இரையில் இல்லை, முள்ளில்தான்.

காரணம், சின்ன மீன்கள் சாப்பிடும் விதம். ஜிலேபி மீன் இரையை விரால் மாதிரி பாய்ந்து கவ்வாது. வாயைக் குவித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். உள்ளே போனது கடினமாகவோ கனமாகவோ பட்டால் அடுத்த நொடியே துப்பிவிடும். பட்டாணி அளவு மாவு உருண்டையைப் பெரிய முள்ளில் குத்தினால், முள் வாய்க்குள் போகாமல் மாவு மட்டும் போய்விடும். இரை காலியாவது இப்படித்தான்.

நம்பர் கூடினால் முள் சின்னது!

கடையில் புதிதாக முள் வாங்குபவர்கள் குழம்பும் இடம் இது. 16-ம் நம்பர் முள், 6-ம் நம்பர் முள்ளைவிடச் சின்னது. 1-ம் நம்பர் வரை இந்தக் கணக்கு. அதைத் தாண்டினால் 1/0, 2/0 என்று போகும், அங்கே எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த அளவுக்கு எல்லா நிறுவனமும் ஏற்றுக்கொண்ட ஒரே தரநிலை கிடையாது. 1877 முதல் முள் தயாரிக்கும் நார்வேயின் மஸ்டாட் நிறுவனத்தின் 10-ம் நம்பரும், இன்னொரு கம்பெனியின் 10-ம் நம்பரும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நம்பரை மட்டும் கேட்டு வாங்காமல், கையில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

உள்ளங்கை அளவு ஜிலேபி, சின்னக் கெண்டை, பனையேறிக் கெண்டைக்கு 10 முதல் 14 வரை போதும். ஒரு சோற்றுப் பருக்கை, ஒரு துளி மைதா மாவு என்றால் 16 வரை இறங்கலாம். கெளுத்திக்கு இரண்டு மூன்று மண்புழுவைச் சேர்த்துக் கோப்பார்கள், அதற்கு 4 முதல் 6. பிரிட்டனில் சால்மன், ட்ரவுட் தவிர மற்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பதற்கு 'கோர்ஸ் ஃபிஷிங்' என்று பெயர். அங்கே ஒற்றை ஈப்புழுவைக் கோக்க 18, 20 நம்பர் முள்கூட சாதாரணம். நம்ம ஊர் மண்புழுவுக்கு அவ்வளவு சின்னது தேவைப்படாது.

நம்பர் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. கம்பியின் தடிமன்தான் பலர் கவனிக்காமல் விடும் விஷயம். தடித்த கம்பி முள் மண்புழுவைக் கிழித்துவிடும், மாவைப் பிளந்துவிடும். அதன் எடையால் இரை தண்ணீரில் சட்டென்று இறங்கும், மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். மெல்லிய கம்பி இரையைச் சிதைக்காது, லேசான இழுப்பிலேயே உதட்டில் ஏறிவிடும். ஆனால் தப்பித் தவறி பெரிய கட்லா மாட்டினால் அது நிமிர்ந்துவிடும். சின்ன மீன் பிடிக்கப் போகிறவர் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மண்புழுவுக்குத் தண்டு நீளமான முள் வசதி. புழுவை நீளவாக்கில் கோக்கலாம், மீன் விழுங்கினாலும் தண்டைப் பிடித்துக் கழற்றலாம். மாவு, பிரெட், சோறு என்றால் தண்டு குட்டையாக இருந்தால்தான் இரைக்குள் மறையும். எந்த இரையாக இருந்தாலும் நுனி கொஞ்சம் வெளியே தெரியட்டும். வளைவு முழுவதையும் மாவால் அடைத்துவிட்டால் குத்துவதற்கு இடமே இருக்காது.

கூர்மை பார்க்க ஒரு எளிய வழி: நுனியைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். சின்ன முள்ளுக்குத் தடித்த தங்கூசி நரம்பு கட்டினாலும் பலன் இல்லை, 0.20 மி.மீ. அளவு போதும்.

எங்கே போடக் கூடாது?

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வனத்துறையின் காப்புக்காடு. 2022-ல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. வேளச்சேரி ஏரியில் கழிவுநீர் கலக்கும் பிரச்சினை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. ஜிலேபி அழுக்குத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் மீன் துள்ளுகிறது என்பதை வைத்து, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்து குழம்பு வைத்துவிடாதீர்கள்.

அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் விட்டால் கொக்கு, நாரை கால்களில் சிக்கும். ஈயக்குண்டும் ஆபத்துதான். அன்னப்பறவைகள் அதை விழுங்கி இறந்ததால் பிரிட்டன் 1987-ல் சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது.

விரலில் முள் ஏறிவிட்டால்?

நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் 'பார்ப்' என்ற சின்னக் கூர்தான் இங்கே வில்லன். வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரில் கழுவி, முள்ளோடு மருத்துவமனைக்குப் போவதே பாதுகாப்பு. கழிவுநீர் கலந்த ஏரி என்றால் டெட்டனஸ் ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ குத்தினால் தொடவே கூடாது. குழந்தைகளோடு போகிறவர்கள், கிளம்பும் முன்பே கட்டிங் பிளேயரால் அந்தப் பார்பை நசுக்கித் தட்டையாக்கிவிடலாம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால், மீன் அப்போதும் அவ்வளவு எளிதில் நழுவாது.