இது சோம்பல் அல்ல, சகோதரிகளே!

தெஹியோவிட்டப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் அந்தச் சகோதரியைச் சந்தித்தேன். வயது நாற்பத்தொன்று. மார்பகப் புற்றுநோய்க்கு மகரகம வைத்தியசாலையில் இரண்டு தவணை மருந்து ஏற்றியிருந்தார்கள்.

"மிஸ், முந்தி கொழுந்து எடுத்துட்டு வந்து சமையலும் செய்வேன். இப்ப ஒரு குடம் தண்ணி தூக்க ஏலாது. தூங்கி எழும்பினாலும் அதே களைப்புத்தான். வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்க. இனி மருந்துக்குப் போகாம நின்னுறலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தக் களைப்பைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியம்.

வேலை செய்த களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் களைப்பு அப்படித் தீராது. மருந்து ஏற்றிய பின்வரும் சில நாட்களில் இது அதிகமாக இருக்கும். பிறகு சற்றுக் குறையும். கதிர்ச் சிகிச்சையிலோ வாரத்துக்கு வாரம் கூடி, சிகிச்சை முடிந்த பின்னும் சில காலம் நீடிக்கலாம்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவது இரத்தச்சோகை. புற்றுநோய்க்கான மருந்து, எலும்பு மச்சையில் இரத்தம் உருவாவதையும் குறைத்துவிடுகிறது. தோட்டப் பெண்கள் பலருக்கு முன்பே இரத்தம் குறைவு. சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது.

வாந்தி, வாய்ப்புண், பசியின்மை காரணமாகச் சாப்பாடும் தண்ணீரும் குறைவது அடுத்த காரணம். வலி, தூக்கமின்மை, கிருமித்தொற்று, சில மாத்திரைகள், தைரொயிட் குறைபாடு ஆகியனவும் சேரலாம். கிளினிக் நாளில் விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றோடு அவிசாவளைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மகரகமவுக்குப் போய்த் திரும்புவதும் உடலை வாட்டுகிறது.

மனப்பாரமும் ஒரு காரணமே. 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் போரைச் சந்தித்த குடும்பங்கள் உண்டு. உறவுகளை இழந்து, முகாம்களில் தூங்காமல் இரவைக் கழித்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பயமும் கவலையும், கை வேலை செய்யாத நாளிலும் உடலைச் சாய்த்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை பல உண்டு:

முதலில், களைப்பை வைத்தியரிடமோ தாதியிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது கூடுகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று குறித்துச் செல்லுங்கள். இரத்தச்சோகைக்கும் வலிக்கும் வாந்திக்கும் மருந்துண்டு.

முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல தடவை உண்ணுங்கள். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம். வைத்தியர் அனுமதித்தால் லயத்து முற்றத்தில் தினமும் சிறிது நேரம் நடவுங்கள். மெதுவான நடை களைப்பைக் குறைக்கும். நாட்டு மருந்து எதையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

காய்ச்சல், மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, இரத்தக்கசிவு ஏற்பட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் அள்ளுவதையும் விறகு எடுப்பதையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். "சோம்பேறி" என்ற சொல் நோயாளியின் மிச்சமுள்ள பலத்தையும் எடுத்துவிடும்.

அந்தச் சகோதரி அடுத்த தவணைக்குத் தன் மகளோடு போனார். களைப்பைப் பற்றி வாய் திறந்து சொன்னார். பரிசோதித்தபோது இரத்தம் மிகக் குறைந்திருந்தது. அதற்குரிய சிகிச்சை கிடைத்தது. களைப்பு முழுதாகத் தீரவில்லை. ஆனால் அவர் மருந்தை நிறுத்தவில்லை. இப்போது தண்ணீர்க் குடத்தை மகன் தூக்குகிறான்.