இன்னும் ஒரே ஒரு வாய்

இரண்டாவது சந்திப்புக்குப் பெற்றோர் சாப்பாட்டுப் பையோடு வர வேண்டும். பட்டினியால் இளைத்த பிள்ளை தேற எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு. சிகிச்சையாளரின் அறையிலேயே குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிறது. பதினைந்து வயதுப் பெண் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள், அழுகிறாள். அவள் 'போதும்' என்ற பிறகு இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும். அது அப்பா அம்மாவின் வேலை. அப்பா இளகி அம்மா மட்டும் அதட்டினால், சிகிச்சையாளர் அங்கேயே குறுக்கிட்டு இருவரையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவார்.

அனோரெக்சியா நெர்வோசாவுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை இது. நோயின் பெயருக்குப் பொருள் பசியின்மை. ஆனால் பசி இருக்கும், எடை கூடிவிடுமோ என்ற பயம்தான் அதை அமுக்கிவிடும். 1874-ல் இந்தப் பெயரில் கட்டுரை எழுதிய வில்லியம் கல், நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள் லாயக்கில்லை என்றே கருதினார். அம்மாவைக் குற்றம் சொல்லும் பழக்கம் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது. 1987-ல் ஜெரால்ட் ரசல் குழுவினர் 80 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது: இளவயதில் நோய் வந்து, மூன்றாண்டு தாண்டாதவர்களுக்குக் குடும்பத்தோடு தந்த சிகிச்சையே நன்றாகப் பலித்தது.

மனநோய்க்கு ஏன் முதலில் சோறு? அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45-ல் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் குறிப்பு சேகரித்தார்கள். மனம் சோர்ந்து எரிந்து விழுந்தார்கள். பட்டினியே புத்தியைக் குழப்பும்போது, காலி வயிற்றோடு இருப்பவளிடம் மனம்விட்டுப் பேசச் சொல்வதில் என்ன பயன்?

இதயத்துடிப்பு மிகவும் குறைந்திருந்தால் முதலில் மருத்துவமனைதான். மற்றபடி, தட்டில் என்ன விழும் என்பதை ஆரம்பத்தில் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். எடை ஏறியதும் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கைக்குத் திரும்பும். படிப்பு, நட்பு, வளரும் வயதின் மற்ற சிக்கல்களெல்லாம் அதற்கும் பிறகு. யாரால் வந்தது என்ற விசாரணையே கிடையாது.

மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஸ்டான்ஃபோர்டிலும் சிகாகோவிலும் 121 பேரிடம் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் அது முடிந்து ஓராண்டுக்குப்பின் முழுதாகத் தேறியிருந்தவர்கள் 49 சதவீதம்; தனியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 23. வேலைக்கு விடுப்பெடுத்து மூன்று வேளையும் பக்கத்தில் உட்காரும் பெற்றோருக்கு அந்த மாதங்கள் லேசானவை அல்ல.

ஊட்டும் வேலை தம்பி தங்கைக்குக் கிடையாது. அக்கா அழுது ஓய்ந்ததும் கூட உட்கார்ந்து சீட்டாடினால் போதும்.