முதுகைக் காட்டி உதைக்கும் வித்தை

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கராத்தேயோ டேக்வாண்டோவோ பழகும் பிள்ளைகளுக்குச் சுழல் பின்னுதையின் மேல் தனி ஆசை இருக்கும். அதில் நியாயமும் உண்டு. டேக்வாண்டோ போட்டியில் மார்புக் கவசத்தில் சாதாரண உதை பட்டால் 2 புள்ளி. சுழன்று உதைத்தால் 4. கராத்தேயில் உடம்பில் படும் உதைக்கு எப்படியும் 2 புள்ளிதான். ஆனாலும் எதிராளியைத் தடுமாற வைக்க இதைப்போல் இன்னொன்று இல்லை.

பலர் இதைக் கெடுத்துக்கொள்வது ஒரே இடத்தில்தான். உடம்போடு சேர்த்துக் காலையும் வட்டமாகச் சுற்றிவிடுகிறார்கள். சுழல வேண்டியது உடம்பு மட்டும். கால், கழுதை உதைப்பதுபோல நேராகப் பின்னே போக வேண்டும்.

இடது கால் முன்னே இருக்க நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது பாதத்தின் முன்பகுதியை ஊன்றித் திரும்புங்கள். குதிக்கால் எதிராளியின் பக்கம் வர வேண்டும். கூடவே தலையை வலது தோளுக்கு மேலாகத் திருப்பி அவர் நெஞ்சைப் பார்த்துவிடுங்கள். கண் பிந்தினால் உதை குருட்டு உதை. பிறகு வலது முழங்காலை மடக்கித் தூக்கி, இடது முழங்காலை உரசினாற்போல் பின்னே நீட்டுங்கள். விரல்கள் தரையைப் பார்க்க, குதிக்கால் விலாவிலோ வயிற்றுக்குழியிலோ பட வேண்டும். உதைத்ததும் காலை மடக்கி எடுத்து, கை உயர்த்தி, அவரைப் பார்த்து நில்லுங்கள்.

எப்போது சுழல்வது என்பதில்தான் பாதி வெற்றி. சும்மா நிற்பவரை நோக்கிச் சுழன்றால் அவர் ஓரடி விலகினால் போதும், உங்கள் முதுகு அவருக்குத்தான். அவர் பின்காலால் சுற்றுதை போட வரும் நேரத்தைப் பிடியுங்கள். ஒற்றைக் காலில் நிற்பவரால் விலக முடியாது. அவர் வரும் வேகமும் உங்கள் உதையோடு சேரும். வராவிட்டால் வரவழையுங்கள்: முன்கையால் குத்துவதுபோல் காட்டிப் பின்வாங்கினால் துரத்தி வருவார். மிக நெருங்கிவிட்டால் கால் நீள இடமிருக்காது.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் உடம்பு சூடேறும் முன் இடுப்பைத் திருகாதீர்கள். மழை ஈரம் படிந்த சீமெந்துத் தரையில் ஊன்றுகால் வழுக்கும். சொரசொரப்பான பிரட்டுக்களத்தில் சப்பாத்தோடு சுழன்றால் பாதம் தரையில் சிக்கி, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். கூட்டாளியோடு பழகும்போது குதிக்காலை விலாவுக்கு முன்பே நிறுத்தப் பழகுங்கள். கவசமில்லாத விலா இந்த உதையில் உடையக்கூடும்.