மூக்கு அடைத்த இரவில் சிபேப் மெஷின்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மகரந்தப் பருவம் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசந்தம் வந்தால் மரமும் புல்லும் காற்றில் மகரந்தத்தை இறைக்கும். மக்கள் இரண்டு மூன்று மாதம் தும்மித் தீர்த்துவிட்டு அப்புறம் நிம்மதியாக இருப்பார்கள். அலர்ஜியைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அவர்களுக்காக எழுதியது. சிபேப் மெஷின் போட்டுத் தூங்கும் நம் ஊர்க்காரர் அதைப் படித்துவிட்டு ஜன்னலைச் சாத்தி, பூச்செடியைத் தூக்கி வெளியே வைத்தால் பெரிய பலன் இருக்காது. இங்கே தொல்லை அநேகமாக மெத்தைக்குள்தான் இருக்கிறது, அதுவும் பன்னிரண்டு மாதமும். சில ஆண்டுகளில் அதன்மேல் புகைமூட்டமும் வந்து சேர்கிறது.

சிபேப் மெஷின் எதற்கு என்று புரிய, முதலில் ஸ்லீப் அப்னியா என்ற நோயைப் பார்த்துவிடுவோம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒருமுறை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 5 முறைக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30ஐத் தொட்டால் கடுமையான ஸ்லீப் அப்னியா. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. படுத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டு, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் இடைவிடாமல் காற்றைச் செலுத்தியபோது தொண்டை மூடாமல் திறந்தே நின்றது. இன்றைய சிபேப் மெஷின் அதன் வழிவந்ததுதான். இந்தச் சிகிச்சை பிறந்ததே மூக்கை நம்பி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். மூக்கு அடைத்தால் வாய் திறக்கிறது. வாய் திறந்தால் தாடை பின்னால் சரிந்து, நாக்கும் சேர்ந்து தொண்டையை நெருக்குகிறது. மெஷின் அனுப்பும் காற்று வாய் வழியாகத் தப்பி ஓடுகிறது. காலையில் நாக்கு மரக்கட்டையாக வறண்டிருக்கும், திரையில் கசிவு எண் எகிறியிருக்கும். இரண்டு மூன்று இரவு இப்படிப் போனால் பலர் மாஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சளி சரியானதும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் மெஷின் இல்லாத முதல் இரவிலேயே மூச்சுத் தடை திரும்பிவிடும். ஆகவே மூக்கைக் கவனிப்பதும் இந்தச் சிகிச்சையில் பாதி என்றே நான் சொல்வேன்.

மூக்கடைப்பு எல்லாமே அலர்ஜி அல்ல. தும்மல், மூக்கில் நமைச்சல், கண்ணில் அரிப்பு, தண்ணீராக ஒழுகல் எல்லாம் சேர்ந்து வந்தால் அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலெல்லாம் நன்றாக இருந்து மெஷின் போட்ட பிறகு மட்டும் அடைத்தால், உலர்ந்த காற்று மூக்கின் உட்சவ்வை உறுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மாத்திரை வேண்டாம், மெஷினில் உள்ள ஈரப்பதத் தொட்டியின் சூட்டை ஒரு படி கூட்டிப் பார்த்தால் போதும்.

இனி மெத்தைக்கு வருவோம். பினாங்கின் வானிலையைப் பதிவு செய்யும் நிலையம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. மெத்தையில் வாழும் தூசுப்பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்னும், தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் நின்றால் காய்ந்து செத்துவிடும். நம் தீவில் அதற்கு அந்த ஆபத்தே இல்லை. குளிர்நாட்டு வீடுகளில் இருக்கும் இனத்தோடு வெப்ப நாடுகளுக்கே உரிய ப்ளோமியா ட்ராபிகலிஸ் என்ற இனமும் மலேசிய வீடுகளில் நிறைய உண்டு. அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் முகத்தைப் புதைத்துப் படுக்கிறவர் இரவெல்லாம் அதைத்தான் இழுக்கிறார்.

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்க வேண்டும். நம் வீட்டு வாஷிங் மெஷின் பலவற்றில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் வரும். பச்சைத் தண்ணீரில் எச்சம் ஓரளவு போகும், பூச்சி சாகாது. 24 மணி நேரமும் திறந்திருக்கும் காசு போடும் டோபிக் கடையில் சுடுநீரில் போட்டு, அங்கேயே சூட்டில் உலர்த்தி எடுப்பது சுலபமான வழி. மெத்தைக்கும் தலையணைக்கும் தூசுப்பூச்சி புகாத நெருக்கமான துணி உறை போடலாம். இலவம்பஞ்சுக்கு விடைகொடுத்துவிடுங்கள். மெஷினைத் தரையில் வைக்காதீர்கள், தரைத்தூசியை அது நேராக உறிஞ்சும். சின்ன மேசைமேல், தலை மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக வைப்பது சரி. தலைக்கு மேலே இருந்தால் குழாயில் சேரும் நீர் முகத்துக்கு இறங்கும்.

அந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்கானை 18 டிகிரியில் வைத்துப் படுக்கிறவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும், மூக்கில் குளிர்ந்த துளி விழும். தொட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராவதுதான் அது. பயந்துபோய் ஈரப்பதத்தை அடியோடு நிறுத்திவிட்டால் மூக்கு காய்ந்து மறுபடி அடைக்கும். ஏர்கானை 24, 25க்கு ஏற்றுங்கள், குழாய்க்குத் துணி உறை மாட்டுங்கள், அல்லது சூடேறும் குழாய் வாங்குங்கள். ஏர்கானின் வடிகட்டியையும் கழுவ மறக்க வேண்டாம். கறுப்பு படிந்த வடிகட்டியிலிருந்து வரும் காற்றைத்தான் மெஷின் உங்களுக்குத் தருகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவில் காடும் கரிமண்ணும் எரிந்தால் புகை நம் பக்கம் வரும். 1997, 2015, 2019 ஆண்டுகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியத்துக்குக் கேடு, 200ஐத் தாண்டினால் மிகவும் கேடு, 300க்கு மேல் ஆபத்து. மெஷினில் உள்ள வடிகட்டி பெரிய தூசியைத் தடுக்கும். புகையின் நுண்துகளை முழுதாகத் தடுக்க அது செய்யப்பட்டதல்ல. எனவே அறைக் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைப் படுக்கும் அறையில் ஓடவிடுங்கள். மெஷின் வடிகட்டியை வழக்கமான ஒரு மாதத்துக்குக் காத்திராமல் நிறம் மாறியதுமே மாற்றுங்கள். வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகையும் சேர்த்தி. கொசுவர்த்தியைப் படுக்கையறையில் ஏற்ற வேண்டாம். சாம்பிராணியும் ஊதுபத்தியும் பூஜைக்கு வேண்டியவைதான். மாலையில் காட்டிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிய பிறகு படுங்கள். வெளியே புகைமூட்டம் உள்ள நாளில் புகை காட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அலர்ஜி மூக்கடைப்புக்கு முதன்மையான மருந்து ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. இவை அடித்த உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் பிடிக்கும், அதுவரை தினமும் அடிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்தால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகிக் காதுப் பக்கம் திரும்பும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் கசியும். அடித்தபின் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மாஸ்க் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு அடித்துவிடுவது நல்லது. அதற்கும் முன்னால் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் மருந்து சவ்வில் நன்றாகப் படும். பார்மசியில் கிடைக்கும் உப்புப் பொட்டலத்தை, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது.

அடித்த ஐந்தாவது நிமிடத்தில் திறக்கும் ஸ்பிரே வேறு. ஆக்ஸிமெட்டாசோலின் வகை அது. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதைத் திறக்க மறுபடி அதே மருந்து தேவைப்படும். சிபேப் போடுபவர் இதில் சிக்குவது மிகச் சுலபம், ஏனென்றால் அவருக்கு ஒவ்வோர் இரவும் மூக்கு திறந்தாக வேண்டும். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தையும் கெடுக்கும். ஸ்லீப் அப்னியா உள்ளவர்களில் பலருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உண்டு என்பதால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

கிளினிக்கில் தரும் சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்ஃபெனிரமின், நம் எல்லோருக்கும் பழக்கம். தும்மலை நிறுத்தும், கூடவே தூக்கக் கலக்கத்தையும் தரும். ராத்திரி நன்றாகத் தூங்கலாமே என்று அதையே போட்டுக்கொள்வது நல்ல யோசனை அல்ல. மறுநாள் காலைவரை மந்தம் நிற்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, பாலம் தாண்டி பிறைக்கோ பட்டர்வொர்த்துக்கோ பைக்கில் திரும்புகிறவரை எண்ணிப் பாருங்கள். சரியாகத் தூங்காத உடம்பு, அதன்மேல் இந்த மாத்திரை. லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய மாத்திரைகளில் கலக்கம் மிகக் குறைவு. ஆனால் அவை தும்மலையும் அரிப்பையும் அடக்கும் அளவுக்கு அடைப்பைத் திறக்காது. அடைப்புக்கு ஸ்பிரேதான். ஷிப்ட்காரர்கள் பகலில் தூங்கினாலும் மெஷின் போட்டே தூங்க வேண்டும்.

மாஸ்க்கைத் தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தொட்டியில் மிஞ்சிய நீரைக் காலையில் கொட்டிவிட்டு, இரவில் புதிதாக டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். அந்தப் பூஞ்சையும் அலர்ஜி தரும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த ஒலித்தடுப்பு நுரை சிதைவதாகச் சொல்லி இலட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தபோது, ஓசோன் அந்தச் சிதைவைக் கூட்டலாம் என்றும் எச்சரித்தது. சோப்பும் தண்ணீரும் போதும்.

இவ்வளவு செய்தும் மூன்று நான்கு வாரத்தில் மூக்கு வழிக்கு வரவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுச்சுவர் வளைந்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். எதற்கு அலர்ஜி என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. அடைப்பு அடிக்கடி வருமானால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் பொருந்துமா என்று கேளுங்கள். போகும்போது மெஷினின் மெமரி கார்டு, மாஸ்க், சாப்பிடும் எல்லா மருந்தும், பார்மசியில் கேட்டு வாங்கிய ஸ்பிரே உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்தெந்த இரவு கசிவு கூடியது, அன்று புகைமூட்டமா, விரிப்பு மாற்றி எத்தனை நாள் ஆனது என்று ஒரு தாளில் எழுதி அதையும் பையில் போடுங்கள்.