நாட்டு முட்டைக்கு நாமக்கல் விலையா?

கழுகுமலை, கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீட்டுக்குப் பத்து நாட்டுக்கோழி வளர்ப்பது புதிதல்ல. முட்டையைக் கடைக்குக் கொண்டுபோனால், "இன்னைக்கு நாமக்கல் ரேட்டு கம்மிக்கா" என்று கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். நட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நாமக்கல் விலை என்பது, 1982-ல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பண்ணை முட்டைக்கு அறிவிக்கும் கொள்முதல் விலை. பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும். மேய்ந்து, அடைகாத்துத் திரியும் நாட்டுக்கோழி இடுவது 60 முதல் 80 வரைதான். இரண்டுக்கும் ஒரே விலை எப்படிக் கட்டுப்படியாகும்?

கணக்குப் போடுங்கள்

மேய்ச்சல் போக, கோழிக்குத் தினம் 50 கிராம் கம்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கோழிக்கு அரை கிலோ. கம்பு கிலோ 30 ரூபாய் என்றால் தினம் 15 ரூபாய், ஆண்டுக்கு 5,475 ரூபாய். கிடைக்கும் முட்டை சுமார் 700. ஆக, ஒரு முட்டைக்குத் தீவனச் செலவே ஏறத்தாழ 8 ரூபாய். கீரியும் பருந்தும் தூக்கிப்போவதும், நோயில் சாவதும், நம் உழைப்பும் இதில் சேரவில்லை. உங்கள் ஊர்த் தானிய விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

நம்பிக்கைக்குத்தான் விலை

பண்ணை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டு முட்டையாக விற்பவர்களும் உண்டு. அதனால், கோழியை நேரில் பார்த்து வாங்கும் வீடுகளே நல்ல வாடிக்கை. இட்ட தேதியை ஓட்டில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். சந்தேகப்பட்டால் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும், பழையது மிதக்கும்.

கோடையில் கவனம்

சேவல் சேர்ந்த முட்டையில் சித்திரை வெயிலுக்குக் கரு வளரத் தொடங்கிவிடும். விற்பனைக்கு மட்டும் என்றால் சேவலைத் தனியே அடையுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் முட்டையில் இந்தத் தொல்லை இருக்காது. தினம் இருமுறை எடுங்கள். கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள்.

விற்காத மாதங்களில்

புரட்டாசி விரதம், ஐப்பசியில் சஷ்டி, கார்த்திகையில் மாலை என்று முட்டை தேங்கும் காலம் வரும். அப்போது மலிவாகத் தள்ளிவிடாமல், ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை அடைக்கு வையுங்கள். சேவல் சேர்ந்த முட்டையாக இருக்க வேண்டும். 21 நாளில் குஞ்சு பொரியும். மழைக்கு நனையாமல் காப்பாற்றினால், பங்குனி, சித்திரைக் கொடைக்குச் சேவல் கேட்டு ஆள் வீடு தேடி வரும்.